பேனர் தாளின் பின்பக்கம்

எங்கள் ஆபீசில் டீக்கணக்கு எழுத யாரும் நோட்டு வாங்கியதில்லை. நோவெல் கக்கிய தாளே போதுமானதாக இருந்தது.

தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், மரப்படி ஏறினால் இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் கிளியரிங் ஏஜென்சி. துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கும் ஏறும் சரக்குக்கும் கஸ்டம்ஸில் காகிதம் போடும் தொழில். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று எதை எடுத்தாலும் நான்கைந்து பிரதி வேண்டும். அதனால் கார்பன் வைத்த தொடர்தாளும், ஊசியால் குத்தி எழுதும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட்டரும்தான் சரிப்படும். 1997இல் நான் சேர்ந்தபோது அங்கே 14 கம்ப்யூட்டர், 3 பிரிண்ட்டர், நோவெல் கம்பெனியின் நெட்வேர் ஓடும் ஒரு சர்வர். என் பதவிக்கு முதலாளி வைத்திருந்த பெயர், 'சிஸ்டம் பாக்குற தம்பி'.

யார் ஒரு பக்கம் அடித்தாலும் அங்கே இரண்டு பக்கம் வரும். முதல் பக்கத்தில் அடித்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவர் கேட்டது அடுத்த பக்கத்தில். பத்துப் பேருடைய வேலை ஒரே பிரிண்ட்டரில் விழும்போது எது யாருடையது என்று தெரிவதற்காக நோவெல் செய்திருந்த ஏற்பாடு அந்தப் பேனர் தாள். எங்களைப் பொறுத்தவரை அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது என்பதே முக்கியம். டீக்கணக்கு, லாரி வாடகை, கூலிக்காரர்களின் தொலைபேசி எண், மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் யார் என்ற பட்டியல், எல்லாம் அதில்தான்.

சர்வரின் பெயர் காளி. எனக்கு முன்னால் இருந்தவர் கோயிலை நினைத்து வைத்த பெயர். முதலாளியின் அறைக்குப் பின்னால், பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவே, ஸ்டூல் ஒன்றின் மேல் அது இருந்தது. நெட்வேர் 3.12. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் கறுப்புத் திரையில் ஒரு பாம்பு நெளியத் தொடங்கும். சர்வருக்கு வேலை கூடக்கூடப் பாம்பின் வால் நீளும், ஓட்டமும் கூடும். கப்பல் புறப்படும் நாளில் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாலே போதும், வெளியே எத்தனை பேர் பதறிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாம்பு சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை அது குட்டிப்பாம்பு.

காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கண்விழிக்கும்போது எல்எஸ்எல், என்இ2000, ஐபிஎக்ஸ்ஓடிஐ, நெட்எக்ஸ் என்று நான்கு பேரை வரிசையாக அழைக்கும். அந்த வரிசையில் ஒன்று மாறினாலும் நெட்வொர்க் இல்லை. பிறகு எஃப் டிரைவுக்குப் போய் லாகின். அதன் பின் கேப்சர் என்றொரு கட்டளை. கம்ப்யூட்டர் தன் பின்னால் பிரிண்ட்டர் மாட்டியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அது அனுப்புவதை நெட்வேர் வழியிலேயே மறித்து, சர்வரில் உள்ள கியூவில் போட்டுவிடும். பிரிண்ட்டர் ஓய்ந்ததும் கியூவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும்.

கியூவை வரிசை என்று தமிழில் சொல்லிவிடலாம்தான். ஆனால் எங்கள் ஆபீசில் அதற்கு ரேஷன் கடைக் கியூவின் எல்லாக் குணமும் இருந்தது. பிகன்சோல் என்ற நீலத்திரையைத் திறந்தால் யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியும். ஆபரேட்டருக்கு அந்த வரிசையை மாற்றும் அதிகாரமும் உண்டு. ஆபரேட்டர் நான். "தம்பி, நாலு மணிக்கு கஸ்டம்ஸ் ஹவுஸ்ல கவுன்ட்டர் மூடிருவான், என்னுதக் கொஞ்சம் மேல தள்ளு" என்று வந்து நிற்பார்கள். சிலர் கையில் வடைப் பொட்டலம் இருக்கும்.

அதிகாரத்தால் வந்த சங்கடமும் உண்டு. நெட்வேரில் எல்லாம் வல்ல பயனரின் பெயர் 'சூப்பர்வைசர்'. எங்கள் ஆபீசிலும் நிஜமாகவே ஒரு சூப்பர்வைசர் இருந்தார், 30 வருட சர்வீஸ். தன் பதவிக்குரிய பாஸ்வேர்டு நேற்று வந்த பையனிடம் இருப்பதை அவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நெட்வொர்க் என்றால் அப்போது ஒரே கறுப்புக் கோஆக்சியல் கேபிள். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு, சுவரோரமாக, மாலை கோத்ததுபோல் போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு டி-கனெக்டர், இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். எங்கேயாவது ஓரிடத்தில் கழன்றால் ஆபீஸ் முழுக்க நின்றுவிடும். காலையில் பெருக்கும் ஆயாவின் விளக்குமாறு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் தொழிலை நிறுத்தியது. ரிச்சி தெருவுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு டெர்மினேட்டர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

மூன்று பிரிண்ட்டரில் ஒன்று சர்வரோடு இருக்கவில்லை, டைப்பிஸ்ட் அக்காவின் மேசையில் இருந்தது. அவர் கம்ப்யூட்டரில் ஆர்பிரிண்ட்டர் என்ற சின்ன நிரல் பின்னணியில் உட்கார்ந்து, ஊரார் வேலையை வாங்கி அடித்துக் கொடுக்கும். அக்காவின் கம்ப்யூட்டர் உறைந்தாலோ, அவர் பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டாலோ பிரிண்ட்டரும் போயிற்று. 'யாரும் அணைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதுவும் பேனர் தாளின் பின்பக்கம்தான்.

1999இல் லினக்ஸ் வந்தது. முதலாளிக்கு ஈமெயில் வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஏஜென்டுகள் ஃபேக்ஸ் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். அதற்காகப் புதிதாக எதையும் வாங்க அவருக்கு மனமில்லை. ஓரங்கட்டி வைத்திருந்த 486 ஒன்று, அதில் 16 எம்பி நினைவகம். பிசி குவெஸ்ட் இதழோடு இனாமாக வந்த ரெட் ஹாட் குறுந்தகடு. ஒரு மோடம். இவ்வளவுதான் செலவு. இரவில் அது தானே தொலைபேசியை எடுத்து, சீறி, கரகரத்து, அஞ்சலை இறக்கி வைத்துக்கொள்ளும்.

இறக்கியதை அச்சடிப்பது எப்படி? காளி பேசியது ஐபிஎக்ஸ். லினக்ஸுக்குத் தாய்மொழி டிசிபி ஐபி. ஒரே கேபிளில் தொங்கினாலும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. முதல் சில வாரம் நான்தான் பாலம். காலை எட்டரைக்கு வந்து கடிதங்களை பிளாப்பியில் ஏற்றி, பத்தடி நடந்து, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு அச்சுக்கு அனுப்புவேன்.

குறுந்தகட்டில் 'ஹவ்டூ' என்ற பெயரில் நிறைய ஆவணங்கள் இருந்தன. அதில் ஐபிஎக்ஸுக்கும் ஒன்று. படித்தபோதுதான் தெரிந்தது, என் சங்கடம் எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த ஃபோல்கர் லெண்டெக்கே, லினக்ஸுக்காக என்சிபிஎஃப்எஸ் எழுதத் தொடங்கியது 1995இல். நெட்வேர் சர்வரின் கோப்புகளை லினக்ஸில் திறக்கவும், அதன் கியூவுக்கு அச்சு அனுப்பவும் அதில் கருவிகள் இருந்தன. பிறகு பிராகில் இருந்த பெட்ர் வாந்த்ரோவெட்ஸ் அதைப் பல ஆண்டுகள் பராமரித்தார். நெட்வேர் பேசிய மொழியின் இலக்கணத்தை நோவெல் ஊருக்கெல்லாம் அச்சிட்டுக் கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், சந்தைக்கு வந்த வெளியூர்க்காரன் பாஷை பழகுவதுபோல.

கருவியை நிறுவினேன். எஸ்லிஸ்ட் என்று அடித்தால் கேபிளில் உள்ள நெட்வேர் சர்வர்களின் பெயர் வரவேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் போராடினேன். கார்டை மாற்றினேன், டி-கனெக்டரை மாற்றினேன், ஆயாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு. ஐபிஎக்ஸ் செய்தியை ஈதர்நெட்டில் ஏற்ற நான்கு விதமான உறைகள் உண்டு. நெட்வேர் 3.11 வரை வழக்கமான உறை 802.3. 3.12இலிருந்து 802.2. எங்களுடையது 3.12 ஆயிற்றே என்று நான் 802.2 கொடுத்திருந்தேன். ஆனால் அது 3.11ஆகப் பிறந்து பிறகு மேம்படுத்தப்பட்ட சர்வர். பழைய கம்ப்யூட்டர்கள் தவித்துப்போகக் கூடாதென்று எனக்கு முன்னால் இருந்தவர் பழைய உறையையே விட்டுவைத்திருந்தார். ஒரே தெருவில் இரண்டு தபால்காரர்கள், ஒருவர் கொண்டுவரும் உறையை மற்றவர் பிரிக்கவே மாட்டார்.

உறையை மாற்றி மறுபடி அடித்தேன். திரையில் ஒரே ஒரு வரி. காளி. அன்று சாயங்காலம் கோயிலுக்குள் போய் ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் பீச் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை முதல் அச்சு. 'என்பிரிண்ட்' கட்டளைக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்தேன். பிரிண்ட்டர் உறுமியது. முதல் வரி இடது ஓரத்தில் தொடங்கியது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர்கீழே. மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். நான்காவது வரி தாளைவிட்டே வெளியேறிவிட்டது.

"என்னப்பா இது, நம்ம மாடிப்படி மாதிரி இறங்குது?" என்றார் அக்கவுன்டன்ட் சார்.

டைப்பிஸ்ட் அக்கா எழுந்து வந்து தாளைப் பார்த்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸானவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கேரேஜைத் தள்ளாம உருளையை மட்டும் சுத்துனா இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதேதான். தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும். தாள் ஒரு வரி ஏறும், கேரேஜ் தொடக்கத்துக்குத் திரும்பும். டாஸ் இந்த இரண்டையும் தனித்தனிக் குறியாக எழுதும். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸோ 'தாளை ஏற்று' என்பதை மட்டும் எழுதிவிட்டு, மற்றதைப் புரிந்துகொள்ள வேண்டியது எதிராளியின் பொறுப்பு என்று விட்டுவிடும். ஹவ்டூவில் இதற்குப் 'படிக்கட்டு விளைவு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விடுபட்ட குறியைச் சேர்க்கச் சின்னதாக ஒரு வடிகட்டி எழுதி, லினக்ஸில் பிரிண்ட்டர் விவரம் இருக்கும் பிரிண்ட்கேப் கோப்பில் செருகினேன். அச்சு நேராயிற்று.

அடுத்து மடிப்பு. தொடர்தாளில் பக்கத்துக்குப் பக்கம் கிழிக்கும் துளைவரிசை இருக்கும். அங்குலத்துக்கு 6 வரி, தாள் 11 அங்குலம், ஆக 66 வரி. கணக்கு ஒரு வரி பிசகினாலும் ஐந்தாவது கடிதம் துளையின் மேலேயே உட்காரும். யூனிக்ஸில் பிஆர் என்றொரு பழைய கட்டளை, எதுவும் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 66 வரி என்றே எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் எவரோ எப்போதோ எடுத்த முடிவு தம்பு செட்டித் தெருவின் தாளுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

பிறகு தினமும் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே கடிதங்கள் அச்சாகித் தட்டில் மடிந்து கிடக்கும். நெட்வேரில் அதற்கென நான் உருவாக்கிய பயனர் பெயர் லினக்ஸ். ஆகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். ஒரு வாரம் பார்த்துவிட்டு அக்கவுன்டன்ட் சார் கேட்டார்: "யாருப்பா இந்த லினக்ஸ்? புதுசா சேர்ந்திருக்கானா? நமக்கெல்லாம் முன்னாடி வந்துடுறானே."

சொன்னேன். ஓரத்தில் கிடந்த 486ஐ எட்டிப் பார்த்தார். "சம்பளம்?" என்றார். இல்லை என்றேன். "முதலாளிக்குப் பிடிச்சிருக்கும்."

அதன் பிறகு எனக்கு ஆசை கூடியது. என்சிபிஎஃப்எஸ் தொகுப்பிலேயே பிசர்வர் என்ற நிரல் இருந்தது. அது எதிர்த்திசையில் வேலை செய்யும். பிரிண்ட்டரை லினக்ஸில் மாட்டிவிட்டால், நெட்வேர் கியூவில் விழுகிற வேலையை லினக்ஸ் எடுத்து அடித்துக் கொடுக்கும். பிகன்சோலில் அதற்கொரு பிரிண்ட் சர்வர் பெயர் கொடுத்து, கியூவோடு இணைத்தேன். டைப்பிஸ்ட் அக்காவின் மேசையிலிருந்து பிரிண்ட்டரைத் தூக்கி 486 பக்கத்தில் வைத்தேன். எச்சரிக்கைத் தாளைக் கிழித்தேன். ஆபீசில் யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அதே கேப்சர், அதே கியூ, அதே பேனர். வாங்கிக் கொடுக்கிற கை மட்டும் வேறு.

ஒரே ஒரு நாள் பிரிண்ட்டர் காணாமல்போனது. கெர்னலை 2.0இலிருந்து 2.2க்கு ஏற்றிய மறுநாள் காலை. பழைய கெர்னலில் அந்தப் போர்ட்டின் பெயர் எல்பி1. புதியதில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியதால் அதே போர்ட் எல்பி0 ஆகிவிட்டது. கப்பல் புறப்படும் நாள். வாசலில் ஐந்து பேர். பாம்பின் வால் திரை முழுக்க. ஓர் எழுத்தைத் திருத்த எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அன்று வடை வரவில்லை.

1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜெராக்ஸ் லேசர் பிரிண்ட்டரின் மூலநிரலைக் கேட்டு, கிடைக்காமல் போன கதையைப் பின்னாளில்தான் படித்தேன். தாள் சிக்கினால் அனுப்பியவருக்குத் தகவல் போக வேண்டும், அவர் விரும்பியது அவ்வளவே. அந்த மறுப்பு அவர் மனதில் தங்கி, 1983இல் குனூ திட்டத்தை அறிவிக்கும் வழியில் ஒரு காரணமாயிற்று. கட்டற்ற மென்பொருளின் பிறப்புக் கதையிலேயே பிடிவாதமான ஒரு பிரிண்ட்டர் நிற்கிறது. நான் அவ்வளவு பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரி இடது ஓரத்திலிருந்து தொடங்கினால் போதும் என்றிருந்தேன்.

2001 முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் வந்தன, கோஆக்சியலைப் பிடுங்கிவிட்டு நடுவில் ஹப் வைத்து ஆளுக்கொரு கம்பி இழுத்தார்கள். ஒருவருடைய கம்பி கழன்றால் அவர் மட்டும் நின்றார். ஆயா நிரபராதியானார். பிரிண்ட்டருக்கே தனி நெட்வொர்க் கார்டு, தனி முகவரி. காளியின் திரையில் 'டவுன்' என்று அடித்தபோது பாம்பு இல்லை, வெறும் கறுப்பு. காகிதம் வீணாகிறது என்று பேனரையும் நிறுத்தச் சொன்னார் முதலாளி. டீக்கணக்குக்கு நோட்டு வாங்கினார்கள். கியூ இப்போதும் இருக்கிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. வரிசையில் முன்னால் தள்ளச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை.

மொழி தெரிந்தவன் என்ற மரியாதையும் அத்தோடு முடிந்தது. நெட்வேரே 1998இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து டிசிபி ஐபியை நேரடியாகப் பேச ஆரம்பித்திருந்தது. லினக்ஸ் பக்கம் 1999இல் வந்த கப்ஸ் என்ற புதிய அச்சு ஏற்பாடு பழைய பிரிண்ட்கேப் வித்தைகளை ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்பியது. யாருடைய பாஷையை லினக்ஸ் ஒட்டுக்கேட்டுக் கற்றதோ அந்த நோவெலே 2004இல் சூசே லினக்ஸை விலைக்கு வாங்கியது. அடுத்த வருடம் தன் சேவைகளை லினக்ஸின் மேலேயே ஓடவிட்டது. வாசலில் நின்றவனை வீட்டோடு மாப்பிள்ளையாக்கிக்கொண்டது போல. 2011இல் நோவெலும் கைமாறியது.

உறை எண்ணும் 66 வரிக் கணக்கும் இன்றும் எனக்கு மறக்கவில்லை. எதற்கும் உதவாது. இரண்டு பொருளைச் சேர்த்து வைப்பதற்காகக் கற்ற வித்தை, அந்த இரண்டும் இருக்கும்வரைதான் வித்தை. பாலம் கட்டியவன் பெயரை ஆற்றின் இரண்டு கரையும் சேர்ந்தே மறந்துவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. கோட்டிங்கன்காரரின் பெயரை அந்த மரப்படி ஆபீசில் என்னைத் தவிர யார் அறிந்திருந்தார்கள்? ஆனால் இரண்டு வருடம், அவர் எழுதியது இல்லாமல் அங்கே ஒரு காலைகூட விடிந்ததில்லை.

2018இல் லினக்ஸ் கெர்னலிலிருந்து ஐபிஎக்ஸையும் என்சிபிஎஃப்எஸையும் நீக்கிவிட்டார்கள். பயன்படுத்துவோர் இல்லை, பராமரிக்க ஆளில்லை. செய்தியைப் படித்த அன்று பழைய டைரியைப் புரட்டினேன். அதற்குள் நான்காக மடித்த ஒரு தொடர்தாள் இருந்தது, ஓரத்துத் துளைப்பட்டை கிழிக்கப்படாமல். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் லினக்ஸ். பின்பக்கத்தில் அக்கவுன்டன்ட் சாரின் கையெழுத்தில் அன்றைய டீக்கணக்கு: ஆளுக்கொன்றாக 13 பேர், முதலாளிக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று. கடைசி வரியில் எழுதியிருந்தார்: லினக்ஸ் - டீ குடிப்பதில்லை.